திரையின் ஒளியும் தாளின் ஒளியும்

புகைப்படக் கலையிற் பயில்வோர் பலரிடத்தும் கேட்கப்படும் முறையீடு ஒன்றுண்டு. கணினித் திரையிலே பார்த்தபொழுது தெளிவும் ஒளியும் பொருந்தி விளங்கிய படம், கடதாசியில் அச்சாகி வந்தபொழுது மங்கி இருண்டு கிடக்கின்றது என்பதே அம்முறையீடு. உடனே பழி அச்சகத்தார் தலையிற் சுமத்தப்படுகின்றது. மை கூடிவிட்டது என்பர். கடதாசி மலிவானது என்பர். இயந்திரம் பழையது என்பர். இவை ஒரோவழி உண்மையாதலும் கூடும். ஆயினும் பெரும்பாலும் குற்றம் அச்சகத்தில் இல்லை. படத்தைத் திருத்தியவர் முன்னிருந்த திரை அளவுக்கு மிஞ்சி ஒளிர்ந்தமையே காரணமாகும்.

கல்லூரி மலர்களைத் தொகுப்போர்க்கு இஃது அழகு பற்றிய விஷயம் மாத்திரமன்று. வகுப்புக் குழுப்படம் ஒன்றில் மூன்றாம் வரிசையில் நிற்கும் மாணவனின் முகம் கரிய புள்ளியாய் அச்சாகிவிட்டால், பெயர் கீழே பிழையின்றி எழுதப்பட்டிருந்தும் முப்பது ஆண்டு கழித்து அவனைத் தேடுவோர்க்கு அவன் அங்கே இல்லை. மூலப்படம் தொலைந்துபோன பின்னர், எஞ்சுவது மலரில் அச்சான அந்த ஒரு பக்கமே. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் தகும்.

திரைக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். திரை தானே ஒளி விடுவது, விளக்கைப் போன்றது. தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. தன்மேல் விழும் ஒளியிற் பெரும்பங்கைத் தெறித்துக் காட்டும். மை படிந்த இடத்திலே குறைத்துக் காட்டும். அறையிலுள்ள விளக்கை அணைத்தால் தாள் மறைந்துபோகும். திரையோ முன்னிலும் பிரகாசமாகத் தோன்றும். இவ்விரண்டிலும் ஒரே படம் ஒரே தன்மையாய்த் தோன்ற வேண்டுமாயின், திரையின் வெண்மை தாளின் வெண்மைக்கு நிகரான ஒளி உடையதாதல் வேண்டும்.

இதனைக் கணக்கிற் காண்டல் எளிது. ஒரு மேற்பரப்பின் ஒளிர்வை, சதுர மீற்றருக்கு இத்தனை கண்டெலா என்று அளப்பர். மேற்பரப்பில் வந்து விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் ஆகும். பளபளப்பில்லாத வெண்கடதாசியின் மீது விழும் ஒளியின் லக்ஸ் அளவை, கடதாசி தெறிக்கும் பங்கினாற் பெருக்கி, 3.14 ஆற் பிரித்தால் கடதாசியின் ஒளிர்வு கிடைக்கும். நல்ல வெண்கடதாசி நூற்றுக்கு 90 பங்கைத் தெறிக்கும் என்று கொள்வோம். வெளிச்சமான வாசிப்பு மேசையிலே 500 லக்ஸ் ஒளி விழுமாயின், கடதாசியின் ஒளிர்வு ஏறத்தாழ 143 கண்டெலா. இரவிலே ஒரு மின்குமிழ் எரியும் கூடத்தில் 150 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதே கடதாசி 43 கண்டெலா அளவே ஒளிரும். பகலில் விறாந்தைக்குக் கொண்டுவந்து 2,000 லக்ஸ் ஒளியிற் பிடித்தால் 570 ஐத் தாண்டிவிடும். கடதாசி ஒன்றே, அச்சும் ஒன்றே, தோற்றம் மாத்திரம் பன்னிரு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றது. அச்சுப்படம் இருண்டது என்று முறையிடுவோர், எந்த ஒளியில் வைத்துப் பார்த்தோம் என்பதையும் கூடச் சொல்லுதல் நன்று.

இனித் திரையின் நிலை என்ன? இக்காலத்தில் விற்கப்படும் கணினித் திரைகள் 250 முதல் 350 கண்டெலா வரை ஒளிரவல்லன. மடிக்கணினிகளிற் பல அதற்கும் மேற்பட்டன. விற்பனைக் கூடத்தின் பேரொளியிலே பக்கத்திலுள்ள திரையை வெல்லும் பொருட்டு, பெட்டியிலிருந்து எடுக்கும்பொழுதே உச்ச ஒளிக்கு அண்மையில் அமைத்து அனுப்புதல் வழக்கமாயிற்று. ஆனால் படங்களின் எண்களுக்குப் பொருள் வகுத்த நியமமோ வேறு வகையாகச் சொல்லுகின்றது. 1996 ஆம் ஆண்டில் ஹியூலற் பக்கார்ட், மைக்ரோசொவ்ற் ஆகிய இரு நிறுவனங்கள் முன்மொழிந்து, 1999 இல் அனைத்துலக நியமமாக ஏற்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிற ஒழுங்கிலே, மாதிரித் திரையின் வெண்மை 80 கண்டெலா என்றும், அறையின் ஒளி 64 லக்ஸ் என்றும் குறிக்கப்பட்டுள்ளன. இன்றும் கமராக்களும் கைத்தொலைபேசிகளும் எடுக்கும் படங்களில் மிகப் பல அந்த ஒழுங்கிலேயே எழுதப்படுகின்றன. 80 கண்டெலாவைக் கருதி எழுதப்பட்ட எண்களை 300 கண்டெலாவிற் பார்த்து, கூடத்திலே 43 கண்டெலாத் தாளில் ஒப்பிட்டால் ஏமாற்றம் வராதொழியுமா?

கண் இதனை அப்பொழுதே கண்டுகொள்ளாதோ என்று கேட்கலாம். கண்டுகொள்ளாது, அதுவே இதன் சூழ்ச்சி. நம் கண் ஒளியின் அளவை நேரே அறிவதன்று. ஒன்றற்கு மற்றொன்று எத்தனை மடங்கு என்பதையே பெரிதும் அறிவது. வேபர் என்னும் ஜேர்மானிய அறிஞர் எடை முதலியவற்றில் கண்ட இவ்வியல்பை, பெக்னர் 1860 இல் வெளியிட்ட நூலில் புலன்கள் அனைத்துக்கும் விரித்துரைத்தார். நண்பகலில் முற்றத்தில் நின்று வாசித்த புத்தகத்தை மாலையில் உள்ளே வந்து வாசிக்கும்பொழுது, ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தும் கடதாசி வெள்ளையாகவும் எழுத்துக் கறுப்பாகவுமே தோன்றுகின்றது. கண்மணி விரிதலும் விழித்திரை தன் உணர்ச்சியை மாற்றிக்கொள்ளுதலும் இதனைச் செய்கின்றன. அவ்வாறே, மிகை ஒளித் திரையின் முன் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்தவர்க்கு அதுவே இயல்பான ஒளியாகிவிடும்.

ஆயின் கண் இவ்வாறு பழகிக்கொள்ளுமெனில் தீங்கு எங்ஙனம் நேர்கின்றது? இருவழியாக நேர்கின்றது. படத்தில் வெண்மையான பொருள் இல்லாதவிடத்து, கண்ணுக்கு ஒப்புநோக்க ஒன்றும் இல்லை. மாலை நேரத்துத் தேர்த்திருவிழா, மழைமேகம், விளக்கொளியில் ஒரு முகம் ஆகிய படங்களிலே, திரை எத்துணை ஒளிர்கின்றதோ அத்துணை ஒளியுடையது படம் என்று மனம் கொள்கின்றது. 'ஒளி மிகுந்துவிட்டது' என்று கருதித் திருத்துபவர் எண்களைக் குறைக்கின்றார். திரையின் மிகை ஒளி அவ்வாறு படத்தின் இருளாய் மாறிப் பதிவாகின்றது. மற்றையது நிழற்பகுதி பற்றியது. மிகை ஒளித் திரையிலே கரிய பகுதியினுள்ளும் மடிப்பும் மயிரும் விழியும் தெரியும். அவ்வளவு நுட்பம் தாளில் நிற்காது. மினுக்கத் தாளிலும் மிகக் கரிய மை, விழும் ஒளியில் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை தெறிக்கும். மினுக்கமற்ற தாளில் இரண்டு அல்லது மூன்று பங்கு. புதினத்தாள் வகையில் ஏறத்தாழப் பத்துப் பங்கு. அதாவது திரையிலே வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆயிரம் மடங்கு வேற்றுமை இருக்க, புதினத்தாளில் ஆறேழு மடங்கே உண்டு. ஆயிரம் படிகளில் நின்ற கூட்டத்தை ஆறு படிகளில் நிறுத்தினால் நெருக்குண்பவர் யார்? கீழ்ப்படியில் நின்றவரே.

நம் பாடசாலைக் குழுப்படங்கள் இச்சோதனைக்கு மிக அரியவாய் அமைந்தன. வெண்சட்டை அணிந்த மாணவர் நாற்பதின்மர், பெரும்பாலும் மரநிழல், நேரமோ பத்து மணி வெயில். சட்டை விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்களவு தெறிக்கும். கறுத்த மேனி ஏறத்தாழ 12 பங்கு. தலைமயிர் 3 பங்கு அல்லது அதற்கும் குறைவு. 0 முதல் 255 வரை செல்லும் கணினியின் எண்களில், 12 பங்கு ஒளி 97 என்னும் எண்ணாகவும், 3 பங்கு ஒளி 48 ஆகவும் எழுதப்படும். திருத்துபவர் சட்டைகள் கண்ணைக் கூசச் செய்கின்றன என்று எண்ணிப் படத்தின் ஒளியைப் பாதியாகக் குறைத்தார் என்க. முகத்தின் எண் 97 இலிருந்து 69 ஆக இறங்கும். திரையில் இன்னும் முகம் தெரியும். அச்சிலோ முகமும் மயிரும் ஒன்றாகிவிடும். போதாக்குறைக்கு, ஓப்செற் அச்சிலே மைப்புள்ளி தாளிற் பரந்து பெருக்கும் இயல்பினது. பாதி இடத்தை நிரப்ப வேண்டிய புள்ளி மூன்றில் இரு பங்கை நிரப்பிவிடுதல் கூடும். தேர்ந்த அச்சகத்தார் இதற்கென முன்னரே எண்களைத் திருத்திக்கொள்வர். ஆனால் படத்திலேயே இல்லாத முகத்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

நிறப்படச்சுருள் காலத்திலும் கறுத்த மேனியர்க்கு இத்தகைய குறை வேறு காரணத்தால் நேர்ந்தது. அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் அச்சு நிலையங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெண்மேனிப் பெண்ணின் படமே இருந்தது. அவள் முகம் செவ்வையாய் வந்தால் எல்லாம் செவ்வை என்று கொள்ளப்பட்டது. பல நிறத்தவரையும் ஒருங்கே காட்டும் அட்டை 1990களிலேதான் வந்தது. இன்று மாதிரி முகத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நம் கையில் இருக்கின்றது. திரையைச் சோதிக்க வேண்டுவோர் அந்நிய நாட்டு மாதிரிப் படத்தை விடுத்து, நம்மவர் முகமுள்ள படம் ஒன்றையே வைத்துக்கொள்க.

இருட்டறையிலே கைத்தொழிலாகப் படம் அச்சிட்ட முன்னையோர் இத்தகைய பொறியை நன்கறிந்திருந்தனர். நீரிலிருந்து எடுத்த ஈரப்படம் ஒளிபெற்று விளங்கும்; உலர்ந்த பின்னரோ ஒரு சாயல் கறுத்துவிடும். பார்க்கும் விளக்கு மிகப் பிரகாசமாயின் அச்சைக் கடுமையாக இட்டுவிடுவர். விளக்கு மங்கலாயின் வெளுப்பாக இட்டுவிடுவர். ஆதலால் அநுபவம் மிக்கோர் பார்வை விளக்கின் அளவையும் தூரத்தையும் மாற்றுவதில்லை. ஒரு தாளைக் கீற்றுகளாக வெட்டி, வெவ்வேறு நேரம் ஒளிகாட்டி, உலரவைத்துப் பார்த்த பின்னரே முழுத்தாளை எடுப்பர். கணினி வந்தபின் இருட்டறை மறைந்தது. அந்த விளக்கின் ஒழுக்கமும் அதனோடு மறைந்துவிட்டது.

இனிச் செய்யவேண்டுவது யாது? திரையைத் தொடுமுன் அறையை ஒழுங்கு செய்க. யன்னல் திரைக்கு நேரெதிரிலோ பின்னாலோ இருத்தலாகாது. காலை ஒளியும் நண்பகல் ஒளியும் மாறிமாறிப் புகும் அறையில் எந்த அளவும் நில்லாது. திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரே விளக்கில் வேலை செய்தல் நன்று. ஆயினும் அறையை முற்றும் இருளாக்கிவிடுதல் கூடாது. சுற்றுப்புறம் இருண்டால் படத்தின் கருமை வெளிறித் தோன்றும் என்பதைப் பாட்டில்சன், பிரெனெமன் என்னும் இருவர் 1967 இல் ஆராய்ந்து காட்டினர். மென்மையான மங்கல் ஒளி போதும். சுவர் கடும் பச்சையாகவோ நீலமாகவோ இருப்பின், குறைந்தபட்சம் திரைக்குப் பின்னாலாவது சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிடலாம்.

பின்னர்த் திரையின் தானியங்கு ஒழுங்குகளை நிறுத்துக. அறையொளிக்கு ஏற்பத் தானே கூடிக் குறையும் ஏற்பாடும், இரவிலே மஞ்சள் நிறம் காட்டும் ஏற்பாடும் படவேலைக்குப் பகை. திரையை ஏற்றி அரைமணி நேரம் சென்ற பின்னரே அளத்தல் வேண்டும். குளிர்ந்த திரையின் ஒளி நிலைபெறாது. ஒளி, முரண் என இரு பொத்தான்கள் இருக்கும். முரணைத் தொடாது விடுக. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒளிப்பொத்தான் கருமையின் அளவை மாற்றுவது. இக்காலத் தட்டைத் திரைகளிலோ பின்விளக்கின் ஒளியை மாற்றுவது. நமக்கு வேண்டியது இப்பின்விளக்கே.

மிக எளிய முறை காசு செலவில்லாதது. அச்சுப்படத்தை எந்த ஒளியில் வைத்துப் பார்ப்பீர்களோ அவ்வொளியில், திரைக்கு அருகே வெறும் வெண்தாள் ஒன்றைப் பிடியுங்கள். திரையிலும் எழுத்தில்லாத வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். விளக்கு தாளின் மேல் விழ வேண்டும். திரையின் மேல் நேரே விழலாகாது. திரை வெள்ளை விளக்குப் போலவும் தாள் சாம்பல் போலவும் தோன்றினால், இரண்டும் ஒத்த வெண்மையாகும் வரை ஒளியைக் குறைத்து வாருங்கள். முதன்முறை இதனைச் செய்வோர் திரை கெட்டுவிட்டது என்றே எண்ணுவர். அவ்வளவு இறக்க வேண்டிவரும். கால்மணி நேரம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

எண்ணால் அறிய விரும்புவோர்க்குக் கமராவே அளவுகருவியாகும். ஐ.எஸ்.ஓ. 100, வில்லைத் துவாரம் எப் 5.6 என்று அமைத்து, வெள்ளைப் பக்கம் காட்சி முழுவதையும் நிரப்பும்படி கமராவைத் திரைக்கு அண்மையிற் கொண்டுசென்று, குவியம் தெளிவாயிருத்தல் பற்றிக் கவலைப்படாது, கமரா காட்டும் ஒளிவிடும் நேரத்தைக் குறித்துக்கொள்க. பொதுவாகக் கமராக்களின் ஒளிமானிகள் ஒத்த விதியின்படி அமைந்தமையால், செக்கன் பின்னத்தின் கீழெண்ணை நான்காற் பெருக்கினால் ஒளிர்வு ஏறக்குறையக் கிடைத்துவிடும். கமரா அறுபதில் ஒரு செக்கன் என்று காட்டினால் திரை 240 கண்டெலா; இருபத்தைந்தில் ஒன்று எனில் 100; இருபதில் ஒன்று எனில் 80. கமராவுக்குக் கமரா சிறு வேற்றுமை உண்டாயினும், 300 க்கும் 100 க்கும் உள்ள வேற்றுமையைப் பிடிக்க இது தாராளமாய்ப் போதும்.

தொழிலாகச் செய்வோர் நிறமானி ஒன்றை வாங்குதல் வேண்டும். திரையின் முகத்தில் அதனை ஒட்டிவைத்தால், கணினி பல நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட, கருவி அளந்து, அத்திரைக்குரிய திருத்த அட்டவணையை எழுதிவைக்கும். இதனையே அளவுகோடிடுதல் என்கிறோம். டேற்றாகலர், கலிபிரைற் ஆகிய நிறுவனங்களின் கருவிகள் பெருவழக்கானவை. ஆர்ஜில் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. கருவி எத்தனை கண்டெலா வேண்டும் என்று முதலிற் கேட்கும். 80 க்கும் 120 க்கும் இடையிலே, உங்கள் வெண்தாள்ச் சோதனை காட்டிய எண்ணைக் கொடுங்கள். 120 என்று புத்தகத்திற் கண்டதை அப்படியே இட்டுவிட்டு, 40 கண்டெலாத் தாளோடு ஒப்பிட்டால் கருவி வாங்கியதன் பயன் பாதியே. பின்விளக்கு வயதோடு மங்குவதாகையால், மாதத்துக்கு ஒரு தடவை மீண்டும் அளப்பது வழக்கம்.

பார்க்கும் ஒளி பற்றியும் நியமம் உண்டு. அச்சுப்படங்களை நுணுகி ஒப்பிடுதற்கு 2,000 லக்ஸ் என்றும், சாதாரண வீட்டு நிலையிற் பார்த்து மதிப்பிடுதற்கு 500 லக்ஸ் என்றும் அனைத்துலக நியம நிறுவனத்தின் 3664 ஆம் இலக்க ஏடு வகுத்துள்ளது. அச்சகத்தார் முதலாவது ஒளியிற் பார்த்து 'நன்று' என்பதும், நாம் கூடத்தில் எடுத்துச் சென்று 'இருட்டு' என்பதும் இருவரும் உண்மை பேசியபடியே நிகழ்தல் கூடும். மண்டபத்துச் சுவரில் மங்கலான ஒளியிலே தொங்கவிருக்கும் படமாயின், அந்த ஒரு பிரதிக்கென எண்களைச் சற்று உயர்த்தி அச்சிடுதலே முறை. அதன்பொருட்டுத் திரையின் அளவை மாற்றலாகாது.

ஒளிப்பரம்பல் வரைபு என்று படத்திருத்த மென்பொருள்களிற் காட்டப்படும் மலை போன்ற வரைபு, திரையின் ஒளியாற் பாதிக்கப்படாத சாட்சியாகும். மலை முழுவதும் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் வெறிதாய்க் கிடப்பின், திரையில் எத்துணை அழகாய்த் தோன்றினும் அச்சில் இருளும். முகத்தின்மேல் குறியை வைத்து எண்ணையும் பார்க்கலாம். கறுத்த முகத்தின் ஒளிபடும் பக்கம் 90 க்குக் கீழே இறங்கியிருந்தால், மினுக்கமற்ற தாளுக்கு அனுப்புமுன் முகங்களை மாத்திரம் தனியே உயர்த்துதல் வேண்டும். முழுப்படத்தையும் உயர்த்தினால் வெண்சட்டைகளின் மடிப்புக்கள் வெளிறி மறைந்துபோம். கைத்தொலைபேசியிற் பார்த்து முடிவு செய்தலை அறவே விடுக. வெயிலில் அது ஆயிரம் கண்டெலாவுக்கு மேலும் தானே ஏறி ஒளிர வல்லது.

எல்லாம் முடித்த பின்னரும் பழைய சோதனைக் கீற்றைக் கைவிடற்க. படத்தில் முகமும் சட்டையும் நிழலும் சேர்ந்த ஒரு சிறு பகுதியை எடுத்து, ஒளியை மூன்று படியாக மாற்றி, உரிய தாளிலேயே அச்சிட்டு, மை உலர்ந்தபின் பாருங்கள். மலர்க்குழுவினர்க்குப் படம் அனுப்புவோர், கோப்போடு கூட அவ்வாறு தேர்ந்த சிறு பிரதி ஒன்றையும் உறையிலிட்டு, 'இவ்வளவு ஒளியே வேண்டியது' என்று பின்புறத்தில் எழுதி அனுப்பினால், அச்சகத்தார் தம் பார்வை விளக்கின் கீழ் அதனையும் புதுப் பக்கத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக்கொள்வர். பழைய குழுப்படங்களை வருடி எடுக்கும்பொழுது, வருடியவாறே ஒரு கோப்பைத் திருத்தாது தனியே காத்துவைத்து, அச்சுக்கென உயர்த்தியதை வேறு பெயரிற் சேமித்து, எத்தாளுக்காக உயர்த்தப்பட்டது என்பதை அப்பெயரிலேயே குறித்துவிடுக.